மூன்றாம் மாடிப் பல்கனி

"மூர்த்தி அண்ணை, அந்த அடுப்பை எடுத்துப்போடுங்கோ!"

குகநாதன் வாசலில் நின்று கதைக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்து, குனிந்து, விரலால் காட்டினான். மேசையில், சுவிஸின் பேர்ண் நகரில் அவர்கள் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டிடம் நின்றது. உயரம் பதினாலு சென்ரிமீற்றர்.

உருத்திரமூர்த்தி அதை ஒன்றுக்கு எண்பத்தேழு என்ற அளவில் கட்டியிருந்தார். கணக்கு எளிது. உண்மையான அளவை எண்பத்தேழால் பிரித்தால் போதும். நூற்றெழுபது சென்ரிமீற்றர் ஆள் இரண்டு சென்ரிமீற்றராகிவிடுவார். குகநாதன் மீன் பொரிப்பதற்காகக் கீழ்மாடிப் பல்கனியில் வைத்திருக்கும் காஸ் அடுப்பு மூன்றரை மில்லிமீற்றர். அதன்மேல் இருந்த தாச்சியை யோகட் மூடியின் அலுமினியத் தாளில் வெட்டியிருந்தார்.

"ஏன் தம்பி? அச்சொட்டா இருக்கெல்லோ?"

"அதுதான் பிரச்சினை. பல்கனியில காஸ் அடுப்பு வைக்கக் கூடாது. சனிக்கிழமை லீக்டி வாறார்."

லீக்டி வீட்டு நிர்வாகத்தின் ஆள். உருத்திரமூர்த்தி அவரைக் கண்டதில்லை. கடிதங்களின் அடியில் அவருடைய கையெழுத்தை மட்டும் கண்டிருக்கிறார். கட்டிடத்துக்கு ஐம்பது வயதாவதை ஒட்டிக் கீழே கூடத்தில் சின்ன விருந்து. அதற்குத்தான் அவர் வருகிறார். வந்த கையோடு, நிலத்தடிக் கெல்லரில் பூட்டிக் கிடக்கும் பொழுதுபோக்கு அறையை யாருக்குக் கொடுப்பது என்றும் முடிவு சொல்லப் போகிறார். "உங்கள் வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று உருத்திரமூர்த்தியின் விண்ணப்பத்துக்குப் பதில் எழுதியிருந்தார்.

அந்த அறை கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று மனைவி கலாவதி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

"ஏழு மாசமா மடியில கோப்பையை வச்சுச் சாப்பிடுறன். அறைத் திறப்பு கிடைச்சா இது கெல்லருக்குப் போகும். கிடைக்காட்டித் திங்கட்கிழமை குப்பைக்குப் போகும்."

உருத்திரமூர்த்தி அடுப்பை எடுக்கச் சம்மதித்தார். மரப்பசையால் ஒட்டியதை எடுப்பது சுலபம். பஞ்சை இளஞ்சூட்டுத் தண்ணீரில் தோய்த்துப் பத்து நிமிடம் வைத்தால் பசை இளகிவிடும். அடுப்பு வந்தது. கூடவே கீழிருந்த வர்ணமும் உரிந்துகொண்டு வந்தது. பல்கனியில் வெள்ளைத் தழும்பு. அதை மறைக்க, பஞ்சணைத் துகளைச் சிவப்பில் தோய்த்து ஒரு பூந்தொட்டி செய்து வைத்தார்.

அடுத்த நாள் முதலாம் மாடிப் பெண்மணி ஃபிராவ் கெர்பர் வந்தார்.

"அவருக்கு மட்டும் ஏன் பூ?"

கேட்டுக்கொண்டே தன் பல்கனியைத் தேடிக் குனிந்தவர் திடுக்கிட்டார். "ஐயோ, மூண்டு பூனை! எங்களுக்கு ரெண்டுதான் அனுமதி!"

மூன்றையும் மூன்று அரிசியில் ஊசியால் செதுக்கியிருந்தார் உருத்திரமூர்த்தி. செம்மஞ்சள் பூனையை எடுத்தார். ஃபிராவ் கெர்பரின் முகம் வாடியது. அதைத் திருப்பி வைத்துவிட்டுக் கறுப்பை எடுக்கச் சொன்னார். பிறகு அதற்கும் மனம் வரவில்லை.

"ஒண்டை மட்டும் எடுத்தா மற்றதுகளின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? மூண்டையும் எடுங்கோ."

எடுத்ததை எங்கே வைப்பது? மேசையில் விட்ட அரிசிப் பூனை ஒரு தும்மலோடு போய்விடும். பிறகு தூசியுறிஞ்சியின் பையைக் கிண்டினாலும் அகப்படாது. எங்காவது ஒட்டித்தான் வைக்க வேண்டும். மூன்றாம் மாடியில் அவருடைய சொந்தப் பல்கனியில் இடம் இருந்தது. உடுப்புக் காயப்போடும் கலாவதியை மட்டுமே அதில் நிறுத்தியிருந்தார். விருந்து முடிய எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைக்கலாம் என்று அடுப்பையும் பூனைகளையும் அவளுடைய காலடியில் ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் மாடி ஃபிராவ் வீஸ் வந்தார். நிமிராமலே கதைத்தார்.

"அந்த ஆளை எடுத்துவிடுங்கோ."

அவருடைய பல்கனியில் சிவப்புத் தொப்பி போட்ட ஆள் ஒருவர் வைன் கிண்ணத்தோடு கதிரையில் இருந்தார். ஞாயிறு தவறாமல் இருப்பவர். மேலேயிருந்து பார்த்தால் தொப்பி மட்டும்தான் தெரியும். முகத்தை உருத்திரமூர்த்தி ஊகத்தில் வரைந்துவிட்டார்.

"ஆள் வச்சிருக்கத் தடையில்லையே?"

"சட்டத்தில இல்லை." ஃபிராவ் வீஸின் காது சிவந்தது. "எண்டாலும் லீக்டி வாறதுக்கு முதல் எடுங்கோ."

கதிரையோடு ஆளும் மூன்றாம் மாடிக்குக் குடிபெயர்ந்தார்.

சனிக்கிழமை காலை, விருந்துக்கு ஒரு மணித்தியாலம் இருக்க, கலாவதி முதல் தடவையாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆர் இவன்?"

"இரண்டாம் மாடி ஆள்."

"அவன் ஏன் என்ர பல்கனியில இருந்து குடிக்கிறான்? நீங்கள் எங்க?"

"என்னை இன்னும் செய்யேல்ல."

"பூனைக்கு மீசை வைக்க நேரமிருந்தது. உங்களைச் செய்ய நேரமில்லை! முதல்ல இவனை எடுங்கோ!"

உருத்திரமூர்த்தி பஞ்சைத் தோய்த்து வைத்தார். பத்து நிமிடமாயிற்று. ஆள் அசையவில்லை. மேசையில் கிடந்த பசைக் குழாயை எடுத்து வாசித்தார். மூன்றாம் மாடியில் எல்லாவற்றையும் ஒட்டியது மரப்பசை அல்ல, சுப்பர்குளூ. அது தண்ணீருக்கு மசியாது, நகப்பூச்சு நீக்கிக்குத்தான் மசியும். ஆனால் பல்கனி பிளாஸ்ரிக். அதையும் நகப்பூச்சு நீக்கி கரைத்துவிடும்.

ஒரேயொரு துளி விட்டுப் பார்த்தார். பசை விடவில்லை. தரைதான் இளகியது. சிவப்புத் தொப்பிக்காரர் கதிரையோடு மெல்லச் சரிந்து கலாவதியின் தோளில் சாய்ந்தார்.

"இனித் தொடாதேங்கோ," என்றாள் கலாவதி. "இன்னொரு துளி விட்டா மடியில படுத்திடுவான்."

கட்டிடத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கீழே கூடத்து மேசையில் வைத்தார்கள். பதினொரு மணிக்கு லீக்டி வந்தார். சாம்பல் நிறக் கோட், கையில் பூதக்கண்ணாடி. கீழ்மாடியிலிருந்து தொடங்கினார். பூந்தொட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். முதலாம் மாடி சுத்தம். இரண்டாம் மாடி வெறுமை. அதில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். மூன்றாம் மாடியில் கண்ணாடி அப்படியே நின்றுவிட்டது.

"காஸ் அடுப்பு," என்றார். "மூண்டு பூனை. ஒரு..." நிறுத்திவிட்டு இன்னும் கிட்டக் குனிந்தார்.

குகநாதன் கூரையைப் பார்த்தான். ஃபிராவ் கெர்பர் உருளைக்கிழங்குப் பொரியலில் மும்முரமானார். ஃபிராவ் வீஸ் யன்னலைத் திறக்கப் போனார்.

"இதெல்லாம் உங்கட வீட்டில இருக்கிறதோ?" லீக்டி கேட்டார்.

ஒரு வசனம் சொன்னால் போதும், அறை தப்பிவிடும். உருத்திரமூர்த்தி குகநாதனைப் பார்த்தார். ஃபிராவ் கெர்பரின் பொரியல் தட்டைப் பார்த்தார். திங்கட்கிழமை குப்பைக்குப் போகப்போகும் ஏழு மாதத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஓம். எங்கடதான்."

"இந்த ஆளும்?"

உருத்திரமூர்த்தி கலாவதியைத் திரும்பிப் பார்த்தார். கலாவதிதான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "விருந்தாளி."

லீக்டி பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார். பையிலிருந்து வெளியே வந்த கையில் ஒரு திறப்பு இருந்தது. அதை உருத்திரமூர்த்தியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, காதோடு சொன்னார்:

"அறை உங்களுக்குத்தான், ஆனா என்னைத் திருப்பி இரண்டாம் மாடியிலேயே கொண்டுபோய் இருத்திவிடுங்கோ."