ஒன்பதாவது தாள்

வகுப்பில் எட்டுப் பிள்ளைகள்தான். டெல்பின் டீச்சர் கையில் இருந்ததோ ஒன்பது தாள்கள்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபடி எண்ணினாள். எட்டில் பெயர் இருந்தது. ஒன்பதாவதில் இல்லை. கோழி கிளறிய எழுத்து.

‘ஆண்டவரே, நான் பேசினால் எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்;
என் முகத்தைப் பார்ப்பவர் ஒருவருமில்லை.
மேசை பெரியது;
தட்டு ஒன்றுதான்.
நீராவது எழுந்து போகாமல் உட்காரும்.’

அவள் அதை இன்னொரு முறை வாசித்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச்சுக்குப் பக்கத்துப் பங்கு இல்லத்துச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளை உட்காரவைத்துத் திருப்பாடல்கள் எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள். முதல் வரியில் சொன்னதை அடுத்த வரியில் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். மனசில் இருப்பதைக் கடவுளிடம் ஒளிக்கக் கூடாது. இவ்வளவுதான் பாடம். முடிந்ததும் மேசையில் கிடக்கும் தாள்களை வாரிக்கொண்டு வருவாள். மற்றவர்கள் ஹோம்வொர்க்கையும் பல்லியையும் பற்றிப் புலம்பியிருக்க, எந்தக் குழந்தை பெயர் போடாமல் இன்னொரு தாளில் இப்படித் தவிக்கிறது?

காவிரிப் பாலம் வந்தது. ‘ஆறு மெதுவாகப் போகிறது, மேகம் அதற்குள் படுத்திருக்கிறது’ என்று மனம் தானாக வரி கட்டியது. கட்டி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய அம்மா மண்டபம் ஸ்டாப் போய்விட்டது. அவள் அப்படித்தான். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டாள்.

திங்கட்கிழமை, எட்டுப் பேரில் ஒருத்தியான லின்சியின் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“வீட்ல லின்சிகிட்ட யாராவது பேசுறீங்களாங்க?”

“என்ன டீச்சர் இப்படிக் கேக்குறீங்க!”

அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் மாறி மாறி லின்சியிடம் பேச ஆரம்பித்தார்கள். மறுநாள் லின்சியே போனில் அழுதாள். “டீச்சர், அவங்கள நிறுத்தச் சொல்லுங்க. டாய்லெட் வாசல்ல வந்து நின்னு பேசுறாங்க!”

அப்படியானால் மார்ட்டின்தான் என்று கே.கே. நகரில் அவன் வீட்டுக்குப் போனாள்.

“பையன் தனியாச் சாப்பிடுறானாங்க?”

“வீட்ல பதினோரு பேரு டீச்சர். தட்டுக்கே சண்டை,” என்றார் மார்ட்டினின் அப்பா. முகம் கறுத்துவிட்டது.

வேறு வழி தெரியாமல் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக ஒரு செய்தி போட்டாள்: ‘உங்கள் பிள்ளை உள்ளுக்குள் அழுதுகொண்டிருக்கலாம், வெளியே சிரிப்பதை நம்பாதீர்கள்.’

எட்டு வீடும் ரெண்டுபட்டது.

சனிக்கிழமை காலை பங்குத்தந்தை ஃபாதர் கிளமென்ட் தாம் தங்கியிருக்கும் பங்கு இல்லத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். அதே சாப்பாட்டு மேசை. சமையல்கார பாக்கியமேரி காபி வைத்துவிட்டுப் போனாள்.

“எட்டு வீட்டுக்காரங்களும் வந்து சத்தம் போட்டுட்டுப் போயிட்டாங்க டீச்சர். கவிதை போதும். நாளையிலேருந்து பழையபடி செபம் மனப்பாடம் பண்ண வையுங்க.”

டெல்பினுக்கு அழுகையே வந்துவிட்டது. வாரத்தில் அவள் முழுசாக விழித்திருப்பதே அந்த ஒரு மணி நேரம்தான்.

“வகுப்பை மூடிடுங்க ஃபாதர். ஆனா இதை எழுதின பிள்ளையைக் கண்டுபிடிச்சுட்டு மூடுவோம்,” என்று பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தாள்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். காபி ஆடை கட்டியது.

“ரெண்டாவது வரி... சரியா வந்திருக்கா டீச்சர்?”

“என் வகுப்புலயே இதுதான் ஃபாதர் நல்ல பாட்டு.”

“அப்ப வகுப்பு நடக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக உள்ளே போய்விட்டார்.

டெல்பினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைதான் யாரென்று தெரியவில்லை, வகுப்பாவது பிழைத்ததே என்று தாளை மடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே பாக்கியமேரி கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள்.

“டீச்சர், அந்தத் தாளைக் குடுத்துட்டுப் போங்க. ஃபாதர் போன ஞாயித்துக்கிழமையிலேருந்து தலகாணி உறை வரைக்கும் கழட்டித் தேடிக்கிட்டிருக்காரு!”