எழுதாமல் வாசித்த வாழ்த்துமடல்

நான் சோம்பேறி இல்லை. ஒரு வேலையைத் தள்ளிப்போடுவதற்காக ஒன்பது வேலை செய்கிற ரகம்.

அப்போது கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தேன். தலைமையாசிரியை மேரி டீச்சர் ஓய்வுபெறும் நாளில் வாழ்த்துமடல் எழுதி வாசிக்கும் பொறுப்பு எனக்கு. ஒரு மாதம் அவகாசம். அந்த மாதத்தில் கம்பளிகளை எல்லாம் வெயிலில் காயப்போட்டேன் (வெயில் வந்த இரண்டு நாளும்). கேரட் ஊறுகாய் போட்டேன். பேனாவைக்கூடக் கழுவி வைத்தேன். எழுதத்தான் இல்லை. உட்கார்ந்தாலே, “நீயெல்லாம் ஒரு தமிழ் டீச்சரா?” என்று என்னையே திட்டத் தொடங்குவேன். திட்டி முடிப்பதற்குள் சமையல் நேரம் வந்துவிடும்.

விழாவன்று வெள்ளைத்தாளோடு மேடையேறி, அதைப் பார்த்து வாசிப்பதுபோல் நடித்தேன். “அன்னையே, அறிவே, நீலமலையின் நிலவே” வரை வண்டி ஓடியது. பிறகு அதே மூன்றையும் வரிசை மாற்றிச் சொன்னேன். நல்ல கைதட்டல்.

மேரி டீச்சர் கண் கலங்கிக் கையை நீட்டினார். “அதக் குடுங்க நிர்மலா. ஃபிரேம் போட்டு ஊட்டுல மாட்டோணும்.”

நான் தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் செல்லமாகப் பிடுங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முன்வரிசையும் பார்த்தது. பிறகு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து, வேலையை விடப்போவதாகக் கம்பளிக்குள்ளிருந்து அறிவித்தேன். என் கணவர் அப்போது நூலகத்திலிருந்து, எதையும் அதன் போக்கில் விடச் சொல்லும் சீனத்துத் தாவோ ஞானிகளைப் பற்றிய புத்தகம் எடுத்து வந்திருந்தார். (ஒழுகும் கூரையை இரண்டு வருடமாகத் தாவோ முறையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

“ஓடைத் தண்ணி பாறையில முட்டுனா தன்னையத் திட்டிக்கிட்டா நிக்குது?” என்றார். “எடம் இருக்கற பக்கமாப் போயிருதில்ல. உம்பட கிளாசுல ஒரு புள்ள எழுத முடியாம முழிச்சா என்ன சொல்லுவ?”

“பரவால்ல கண்ணு, ஒரு வரி எழுது போதும்னு சொல்லுவேன்.”

“அதயே உனக்கும் சொல்லிக்க.”

கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொல்லிப் பார்த்தேன். அன்னை, நிலவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நடந்த ஒன்றை எழுதினேன்: ‘பிரசவம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய நாளில், என் வகுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு என்னைத் தூங்க அனுப்பினீர்கள்.’ மறுநாள் இன்னொரு வரி வந்தது. ஒரு நாள் வரவில்லை, திட்டாமல் விட்டேன். பதினோராம் நாள் ஒன்றரைப் பக்கம் ஆகியிருந்தது. சோலூரிலிருந்த மேரி டீச்சர் வீட்டுக்கே பஸ் ஏறிப்போய்க் கொடுத்தேன். முதல் வரியிலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் தள்ளிப்போடுவதற்கு இன்றைக்கும் ‘மடல் எழுதுவது’ என்றுதான் பெயர். போன வாரம் கல்லூரி விடுதியிலிருந்து மகள் பேசினாள். புராஜெக்ட் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன்.

“மடல் எழுதீட்டு இருக்கேம்மா” என்றாள்.

சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.