ஸ்க்ரூடிரைவரோடு வரும் ஆறுதல்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் பேச்சுமாற்றி என்று ஓர் இனம் உண்டு. ஒப்பாரி வைக்கிறவரையாவது "போதும், எழுந்திருங்க" என்று அனுப்பிவிடலாம். இவரை அனுப்ப முடியாது. இவர் நல்லவர். அதுதான் தொல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். அவருடைய தங்கைக்குப் புற்றுநோய். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கை நடுங்குகிற எத்தனையோ பேரிடம் "பயப்படாதீங்க, பிரேக் எங்கிட்டயும் இருக்கு" என்று சொல்லிப் பழகியவள். ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் அண்ணன் தவறாமல் வருவார், பழம் வாங்கி வருவார், தலையணையைத் தட்டிப் போடுவார், காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறப்பார், வெயில் படுகிறதே என்று அவரே மூடுவார். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் பேச்சு.

"அண்ணா, எனக்குப் பயமா இருக்கு."

"இந்த ஃபேன் ஏன் இப்படிக் கத்துது?"

ஸ்டூல் வந்தது. ஸ்க்ரூடிரைவர் வந்தது. அடுத்த முறை அவள் வாய் திறந்தபோது சமையலறைக் குழாய் ஒழுகுவது அவர் காதில் விழுந்தது. அதற்கடுத்த முறை பிள்ளைகளைப் பற்றித் தொடங்கினாள். கதவுக் கீலுக்கு உடனே எண்ணெய் தேவைப்பட்டது. இன்றைக்கு அந்தத் தெருவிலேயே சத்தம் போடாத வீடு அதுதான்.

போன வாரம் அவள் முந்திக்கொண்டாள்.

"எல்லாத்தையும் சரி பண்ணியாச்சுண்ணா. உட்காருங்க. நான் போயிட்டா பிள்ளைங்க..."

பாவம், மனிதருக்கு வியர்த்துவிட்டது. சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஒன்றாவது உடைந்திருக்கக் கூடாதா?

"ரொம்பக் களைச்சுப் போயிருக்க. தூங்கும்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் வந்ததாலா? இல்லை, அண்ணன் தப்பித்துப் போகட்டும் என்று. வாசலில் அவளுடைய கணவன் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அவ எங்கிட்ட எதுவும் பேசுறதே இல்ல. எனக்கும் உள்ளுக்குள்ள..."

"நான் மனசு விட்டுப் பேசிட்டேன் மாப்பிள்ளை. தைரியமாத்தான் இருக்கா. அது சரி, வண்டியை சர்வீஸ் விட்டாச்சா?"

ஒரே வீடு, ஒரே பயம், ஆளுக்கொரு மூலையில் விழித்துக் கிடக்கிறார்கள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக ஒருவர் உங்களிடம் "பயமா இருக்கு" என்றபோது என்ன சொன்னீர்கள்? "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றுதானே? சொல்லிவிட்டு எவ்வளவு நேரத்தில் செருப்பைத் தேடினீர்கள்?