அக்கா தம்பி சோயாப் பசைக் கூட்டுத் திட்டம்

ஆராய்ச்சியில் ஒத்துழைப்பு இல்லாத இடங்களில் அதை உருவாக்குவதற்காகவே எங்கள் அலுவலகம் தோற்றுவிக்கப்பட்டது. ஒத்துழைப்பு ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்று விதிகளில் ஒன்றுமில்லை. அப்படியும் ஓர் இடம் இருக்கும் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. அவர்களும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள்தானே.

அந்தச் சங்கடம் ஓர் அக்கா தம்பி உருவத்தில் வந்து சேர்ந்தது. அக்கா அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பார்ப்பவர். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவிலிருந்து புரதத்தைப் பிரித்து, மரப்பலகை ஒட்டும் பசை ஒன்று காய்ச்சியிருந்தார். தம்பி ஒட்டுப்பலகைப் பட்டறை வைத்திருப்பவர். அங்கே இப்போது ஊற்றுகிற பசை நன்றாகத்தான் ஒட்டும். ஆனால் அதன் நெடியில், பலகை அழுத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கண் எரிந்து நீர் வடியும். தம்பியின் மனைவியும் அங்கேதான் நின்று வேலை செய்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தம்பியுமாகச் சோயாப் பசையைப் பூசி, அழுத்தி, வெந்நீரில் ஊறப்போட்டும் பிரியாத ஒரு பலகையைச் செய்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். பசை ஆய்வுக்கூடத்தின் சொத்து. அதைப் பட்டறையில் ஊற்ற எங்கள் கூட்டு ஆராய்ச்சி அனுமதி வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இயக்குநர் பலகையை இரண்டு கையாலும் பிய்த்துப் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டுப் பிய்க்கச் சொன்னார். பலகை பிரியவில்லை.

"பிரமாதம்! ரெண்டு பேரும் எப்பலேர்ந்து சேர்ந்து வேலை செய்றீங்க?"

"சின்ன வயசுலேர்ந்தே சார்," என்றார் தம்பி பெருமையாக. "அக்கா தம்பி நாங்க."

இயக்குநரின் முகம் விழுந்துவிட்டது. "அடடா. ஏற்கெனவே ஒத்துழைப்பு இருந்தா நாங்க எதை உருவாக்குறது? கட்டி முடிச்ச வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டச் சொல்றீங்களே!"

"அப்ப நாங்க என்ன செய்யணும் சார்?" என்று அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"முதல்ல ஒத்துழைக்காம இருக்கணும்மா. பெரிசா ஒண்ணும் வேண்டாம், எங்க அனுமதிக் குழு முன்னால ஒரு சண்டை போட்டுக் காட்டுங்க. ஒத்துழைப்பு இல்லைன்னு பதிவு பண்ணிட்டு உடனே உருவாக்கித் தந்துடறேன்."

சண்டை அடுத்த வாரம் எங்கள் கூட்ட அறையில் தேநீருடன் நடைபெற்றது. பங்கேற்பாளர்கள் எதிரெதிரே அமர்த்தப்பட்டனர்.

"உன் பசை நாறுது," என்று தொடங்கினார் தம்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"உன் பலகையில ஈரம். என் பசையைச் சொல்லாதே," என்றார் அக்கா. அவருக்கும் சிரிப்புத்தான்.

குழுவின் மூத்த உறுப்பினர் உதட்டைப் பிதுக்கினார். "இது வெறும் கருத்து வேறுபாடு. சண்டைன்னு சொல்ல முடியாது."

"எல்லாம் உனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைப்பு," என்றார் தம்பி, குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

"நல்ல முன்னேற்றம்," என்றார் இயக்குநர். "குடும்ப விஷயமும் பேசலாம். விதியில தடை இல்லை."

தம்பி யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது.

"அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீ எங்க இருந்தே? மாநாட்டுல சோயாவைப் பத்திப் பேசிட்டு இருந்தே."

அக்காவின் முகம் வெளுத்துப்போயிற்று. "நீதானேடா வர வேண்டாம்னு சொன்னே?"

"சொன்னா? வராம இருந்துடுவியா?"

"இத்தனை வருஷமா இதை மனசுல வெச்சுக்கிட்டா என்கூடச் சிரிச்சுப் பேசினே?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு அக்கா போய்விட்டார். தம்பி இன்னொரு கதவு வழியாகப் போனார். குழு எழுந்து நின்று கைதட்டியது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று நானும் தட்டினேன். 'ஒத்துழைப்பின்மை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது' என்று தீர்மானம் நிறைவேறியது.

ஒத்துழைப்பின்மை ஒருவழியாகக் கைக்குக் கிடைத்துவிட்டதால், ஒத்துழைப்பை உருவாக்கப் பதவிகள் உருவாயின. ஒருங்கிணைப்பாளர், துணை ஒருங்கிணைப்பாளர், அக்கா தரப்புத் தொடர்பு அலுவலர், தம்பி தரப்புத் தொடர்பு அலுவலர். கடைசிப் பதவி என் மருமகனுக்குக் கிடைத்தது, நல்ல பிள்ளை. எல்லாருடைய நியமன ஆணையிலும் ஒரே நிபந்தனை: 'ஒத்துழைப்பு உருவாகும் வரை.'

ஒரு நாள் காலையில் அக்கா ஒரு வாளி நிறையப் பசையோடு எங்கள் வராந்தாவுக்கு வந்தார். அதே நேரம் தம்பியும் வந்தார். "உங்க வீம்புக்கு என் கண்தானா கிடைச்சுது?" என்று அவர் மனைவி வீட்டில் கேட்டிருக்கிறார். இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். அக்கா வாளியைத் தம்பி பக்கம் நீட்டினார்.

"அக்கா..." என்று தம்பி வாயைத் திறந்தார்.

அலுவலகம் அதிர்ந்தது. பண்டகசாலைக்காரர் பாய்ந்து நடுக்கதவைச் சாத்தினார். அவரோடு வெகுகாலமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கணக்காளர் ஓடிவந்து தாழ்ப்பாளைப் போட்டார். லிஃப்ட்காரர் அக்காவை வாளியோடு மேல்மாடிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். என் மருமகன் தம்பியின் தோளில் கைபோட்டு, "நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதீங்க. உங்க அக்கா உங்களைப் பத்தி என்னென்ன பேசினாங்க தெரியுமா?" என்று வெளியே அழைத்துப் போனான். மேல்மாடியில் அக்கா தரப்பு அலுவலரும் தம் கடமையைச் செய்துகொண்டிருந்தார்.

இயக்குநர் எங்கள் எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார். "இந்த ஆபீஸ்ல இப்படி ஒரு ஒத்துழைப்பை நான் பார்த்ததே இல்லையேப்பா!"

புதுப் பதவிகளுக்குப் புது மேசைகள் தேவைப்பட்டன. திட்டத்திலுள்ள பட்டறையிலேயே வாங்கினோம். சோயாப் பசைக்குத்தான் இன்னும் ஒத்துழைப்பு உருவாகவில்லையே. பழைய பசையில்தான் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். மூடிய அறைக்குள் அந்த நெடி போகவே இல்லை. போன வாரம் மேலதிகாரி திடீரென்று உள்ளே நுழைந்தபோது, மேசைக்கு மேசை நாங்கள் கண்ணீர் வடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திட்டத்தை நிறுத்தும் உத்தரவோடு வந்திருந்தவர், அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அக்காவும் தம்பியும் பிரிஞ்சுட்டாங்கன்னு ஒரு ஆபீஸே உட்கார்ந்து அழுதா, இதை எப்படி நிறுத்துறது?" என்று சொல்லிவிட்டு, திட்டத்தை நிரந்தரமாக்கி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.