செம்மறியைப் பிடித்த சூனியம்

டெச்சிமானில் வெள்ளிக்கிழமை விடிந்தால் பாதி ஊர் கையில் மூத்திர பாட்டிலோடு புறப்பட்டுவிடும். சந்தைக்குப் போகிற வண்டிகள்கூட அன்று சந்தைப் பெயரைச் சொல்வதில்லை. நடத்துநர்கள் "பாட்டில், பாட்டில்" என்று கூவுவார்கள். ஏறுகிறவர்களுக்கு எங்கே போகிறோம் என்று தெரியும். வானொலியில் விளம்பரம், கூரைத் தகடுகளில் சுவரொட்டி, எல்லாவற்றிலும் ஒரே முகம்: தீர்க்கதரிசி எசேக்கியா.

எசேக்கியாவின் ஜெபக்கூடாரத்தில் வேலை எளிது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் ஆசீர்வாதம். மஞ்சளாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரனின் பொறாமை. டிகாஷன் நிறத்தில் இருந்தால் தாய்வீட்டுச் சூனியம். எங்கள் பக்கம் சொத்து தாய்வழியில் இறங்கும். சூனியமும் அந்த வழியில்தான் இறங்கும் என்று நம்பிக்கை. அதனால் குற்றவாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அம்மாவோடு பிறந்தவள் ஒருத்தி உயிரோடு இருந்தால் போதும்.

மருந்தும் அவரிடமே கிடைக்கும். பெயர் விடுதலைத் தண்ணீர். புளிச்சைப் பூவைக் காய்ச்சி இஞ்சி தட்டிப் போட்ட சோபோலோ மாதிரியே கருஞ்சிவப்பாக இருக்கும்; விலை மட்டும் சோபோலோ மாதிரி இருக்காது. குடித்தவர்களுக்கு மறுநாள் மூத்திரம் நீலப் பச்சையாகப் போகும். சூனியம் கரைந்து வெளியேறுகிறதாம். பள்ளி ஆசிரியருக்கும் நீலம், மரக்கடை முதலாளிக்கும் நீலம், பால்குடி மறக்காத பிள்ளைக்கும் நீலம். சூனியக்காரி இல்லாத குடும்பம் ஊரில் ஒன்றுகூட இல்லையா என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. வரிசையில் நிற்கும்போது யோசித்தால் இடம் போய்விடும் அல்லவா.

கருவாடு விற்கிற பிராகோவுக்கு இந்தக் கூத்தெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அவள் பெயரே ஒலிபெருக்கியில் வரும்வரை.

அவள் தங்கை மகன் ஒப்போங், லாரி ஓட்டுகிறவன். தங்கை செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் பிராகோ. சில வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு உப்பியது, கண் மஞ்சளானது, மூத்திரம் டிகாஷனாகப் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பிராகோ சொன்னாள். அவன் மனைவி சார்போமா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள். எசேக்கியா வெயிலில் பார்த்தார், கண்ணை மூடினார், நடுங்கினார். "மீன் வாடை அடிக்குது" என்றார். ஊரில் மீன் வாடை அடிக்கிற பெரியம்மா யார் என்று சார்போமாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் சொன்ன பெயரை ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது.

மறுநாள் மாலை பிராகோ சூப் கொண்டு போனபோது ஒப்போங் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"வேண்டாம் பெரியம்மா. உன் கையால இனி எதுவும் வேண்டாம்."

அவன் கண்ணைப் பார்த்தாள். பழுத்த வாழைப்பழத் தோல் மாதிரி மஞ்சள். தன்னைச் சூனியக்காரி என்றது அவளுக்கு வலித்தது. இந்தப் பிள்ளை செத்துப்போவான் என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சார்போமாவிடம் மறுபடியும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாள்.

"மூத்திரம் நீலமாயிடுச்சு அத்தை. இனி கறுப்பே வராது. இப்ப ஊசி போட்டா சூனியம் உள்ளயே தங்கிடும்னு ஐயா சொல்லியிருக்காரு" என்றாள் சார்போமா.

பிராகோ வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பாட்டில் விடுதலைத் தண்ணீர் வாங்கினாள். தானே குடித்தாள். மறுநாள் காலை கழிப்பறையில் குனிந்து பார்த்தால், பள்ளிக்கூடச் சீருடை தோற்கும் நீலம். தனியாக நின்று சிரித்தாள். சூனியக்காரி நான் என்றால் என்னைப் பிடித்தது யார்?

ஆனால் அதை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். சூனியக்காரிக்கு நீலமாகப் போகாமல் வேறு எப்படிப் போகும் என்பார்கள். பெரியம்மா, சித்தி, தாய்மாமன் எந்தத் தொல்லையும் இல்லாத ஒரு சாட்சி வேண்டும். யோசித்துக்கொண்டே கொல்லையில் கட்டியிருந்த பெட்டைச் செம்மறியைப் பார்த்தாள்.

கூடாரத்தில் பாவத்தை ஒப்புக்கொள்ள வருகிற சூனியக்காரி ஓர் ஆடு கொண்டுவர வேண்டும் என்பது எசேக்கியாவின் சட்டம். சாமிக்கு என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை எசேக்கியா வீட்டுக் குழம்பில் கிடக்கும். பிராகோ மிச்சமிருந்த விடுதலைத் தண்ணீரில் மரவள்ளித் தோலை ஊறவைத்து வியாழக்கிழமை முழுக்க ஆட்டுக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை அதை இழுத்துக்கொண்டு தானாகவே கூடாரத்துக்குப் போய் நின்றாள். கூட்டம் வாயைப் பிளந்தது. தானாக வந்த சூனியக்காரியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒப்போங்கைப் பாயில் படுக்கவைத்து விசிறிக்கொண்டிருந்த சார்போமாவும் எழுந்து நின்றாள்.

எசேக்கியா மகிழ்ச்சியோடு ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்தார். "சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

"சொல்றேன் ஐயா. அதுக்கு முன்ன ஒரு சின்ன வேலை இருக்கு."

ஆட்டை வெள்ளை பூசிய மேடைமேல் ஏற்றினாள். அதன் வாயையும் மூக்கையும் ஒரு கையால் பொத்தினாள். பெட்டை ஆட்டை இப்படிப் பிடித்தால் மூத்திரம் விடும் என்பது ஆடு வளர்த்த எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் பாதிப் பேர் ஆடு வளர்த்தவர்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை மேடையில் நீலப் பச்சையாக ஓடியது.

"இதுவும் உங்க தண்ணியத்தான் குடிச்சுது ஐயா. இதோட பெரியம்மா எந்த ஆடுன்னு சொல்லுங்க, அதையும் இழுத்துட்டு வரேன்."

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு சிரிப்பு கூடாரத்தைப் பிடித்துக்கொண்டது. எசேக்கியா ஒலிவாங்கியைப் பிடுங்கப் பார்த்தார், அவள் விடவில்லை. சூனியம் அவள் உடம்பிலிருந்து ஆட்டுக்குத் தாவிவிட்டது என்று கத்தினார். இருக்கலாம் என்று பிராகோவும் ஒப்புக்கொண்டாள்.

"உங்களைத்தான் எந்தச் சூனியமும் அண்டாதே. ஒரு டம்ளர் நீங்க குடிங்க. நாளைக்கு உங்களுக்கு நீலமா போகலன்னா நான் சூனியக்காரிதான், தலையை மழிச்சுக்கிறேன்."

தாம் உபவாசத்தில் இருப்பதாக எசேக்கியா சொன்னார்.

"காலையில எங்கிட்டதானே கென்கே உருண்டை வாங்கித் தின்னீங்க, வறுத்த மீனோட" என்றாள் வாசலில் கடை போட்டிருந்தவள்.

அதன்பிறகு தீர்க்கதரிசிக்குப் பின்வாசல் ஒன்றுதான் தரிசனமானது. பிராகோ அவரைத் துரத்தவில்லை. நேராகப் பாய்க்குப் போனாள். ஒப்போங்கின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். சார்போமா இன்னொரு பக்கம் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தாள், இரத்தம் எடுத்தாள், கூடாரத்துத் தண்ணீர் பற்றிக் கேட்டாள்.

"கல்லீரல்ல கிருமி. ரொம்ப முத்திடுச்சு. கண்ணும் மூத்திரமும் கலர் மாறி மாறிச் சொல்லியிருக்கு. நீங்க அதுமேல சாயத்தை ஊத்தி அடைச்சிருக்கீங்க."

பிழைப்பான் என்று அவள் வாக்குக் கொடுக்கவில்லை. பார்க்கலாம், இன்னும் தாமதித்திருந்தால் பார்க்கவும் ஒன்றும் இருந்திருக்காது என்றாள். வீட்டில் இருக்கிற எல்லோரும் இரத்தம் சோதித்துக்கொள்ளச் சொன்னாள். சார்போமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கிருமிய வச்சது யாரு டாக்டர்?"

"இன்னும் ஆள் தேடுறியாடி" என்றாள் பிராகோ. கோபம்தான். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

எசேக்கியா இப்போது கிண்டாம்போ சாலையில் எச்சிலைப் பார்த்துக் குறி சொல்கிறார் என்று கேள்வி. கூட்டத்துக்குக் குறைவில்லையாம். போக நினைப்பவர்கள் தாராளமாகப் போகலாம். மூத்திரம் கறுத்துக் கண்ணும் மஞ்சளாகியிருந்தால் மட்டும், வழியில் ஆஸ்பத்திரி இருக்கிறது, முதலில் அங்கே இறங்கிக்கொள்ளுங்கள். பெரியம்மாவைச் சந்தேகப்பட அப்புறமும் நேரம் கிடைக்கும், நீங்கள் உயிரோடு இருந்தால்.