பால்கல் சாமியின் இரண்டு சொம்புகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே பினாங்குத் தமிழர்களில் பாதிப் பேர் அந்த மாடிப்படியில் நின்றார்கள். மீதிப் பாதிக்கு டோக்கன் கிடைக்கவில்லை. அந்தப் பாதி கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டது. மாடியில் அருள்பாலித்தவர் பால்கல் சாமி. போன வருஷம் வரை ஜுருவில் பழைய கார் விற்றவர். கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டும் சித்தி அப்போதே கைவந்துவிட்டது என்று கேள்வி.

அற்புதம் இதுதான். ஒரு வெள்ளைக் கல். அதே கல்லை இடித்த பொடியை அதன்மேல் தூவி, உங்கள் பெயரைச் சொல்லித் தீர்த்தம் ஊற்றுவார். கல் சும்மா இருந்தால் தப்பித்தீர்கள். நுரைத்துப் பொங்கினால் தோஷம். பரிகாரப் பூஜை செய்தாக வேண்டும். பூஜை முடித்தவர் பெயருக்குக் கல் பொங்கியதே இல்லை. அவ்வளவு நன்றியுள்ள கல்!

போன வாரம் தெய்வானையின் மூத்த மகள் நித்யாவின் பெயருக்குப் பொங்கிவிட்டது. "கல்யாணம் பண்ணினா மாப்பிள்ளைக்கு ஆறே மாசம்தான்" என்று சொல்லிவிட்டார் சாமி. மாப்பிள்ளை கணேஷ் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். அவருக்கு ஜலதோஷம்கூடக் கிடையாது. ஆனாலும் பூஜைக்குக் கேட்ட பணம் கையில் இல்லாத தெய்வானை முடிவு செய்துவிட்டார்: இன்னொரு தடவை கேட்பது, மறுபடி பொங்கினால் கல்யாணத்தை நிறுத்திவிடுவது. நித்யா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இளையவள் ஸ்ரீநிதிக்குப் பல்கலைக்கழகத்தில் முதன்மைப் பாடம் கணினி. துணைப் பாடமாக நிலவியலை எடுத்திருந்தாள். "பொம்பளப் புள்ள கல்லப் படிச்சிட்டு எங்கடி வேலைக்குப் போவ? குவாரிக்கா?" என்று தெய்வானை கேட்காத நாள் இல்லை. அந்தக் குவாரிப் படிப்பில் முதல் வாரமே ஒரு சோதனை சொல்லித் தருகிறார்கள். கல்மேல் ஒரு சொட்டு அமிலம் விடு, பொங்கினால் சுண்ணாம்புக்கல். அப்படிப் பார்த்தால் ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் அத்தனையும் பொங்கும். பாவம், அவற்றுக்கு யார் பரிகாரம் செய்வது?

அம்மா, அக்காவோடு வரிசையில் நின்றபடியே ஸ்ரீநிதி திறந்த கதவு வழியே உள்ளே பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் பார், பிறகு எழுது, கடைசியில் பேசு என்பது அவள் விரிவுரையாளர் போட்ட விதி. பதினான்கு பேர் போய் வந்ததும் தாயிடம் நோட்டைக் காட்டினாள்.

"அம்மா, சாமிகிட்ட ரெண்டு சொம்பு இருக்கு. இடது சொம்புலேருந்து ஊத்தினா பொங்குது. வலதுலேருந்து ஊத்தினா பொங்கல. பதினாலு பேருக்கும் அப்படித்தான்."

"வாய மூடு லா. சாமி காதுல விழுந்துடும்."

நித்யாவின் முறை வந்தது. சாமி பொடி தூவி, மந்திரத்துக்குக் கண்ணை மூடினார். தொழிலில் கண்ணை மூடக்கூடாது என்பது கார் விற்றவருக்கு மறந்துபோனதுதான் ஆச்சரியம். ஸ்ரீநிதி வலது சொம்பை எடுத்து, "நித்யா" என்று சொல்லி ஊற்றினாள். கல் அசையவில்லை. இடது சொம்பை எடுத்தாள். "பால்கல் சாமி" என்று சொல்லி ஊற்றினாள்.

கல் பொங்கோ பொங்கென்று பொங்கியது.

"சாமிக்கே தோஷமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சாமி எழுந்துவிட்டார். "அபச்சாரம்! பொண்ணு தீட்டுக் கையால தொட்டுட்டா!"

"அப்ப முதல் சொம்பையும் அதே கையாலதானே தொட்டேன்? அது ஏன் பொங்கல?" என்றாள் ஸ்ரீநிதி.

கீழே ரொஜாக் பலகாரக் கடை போட்டிருக்கும் பஷீர் சாமிக்குத் தேநீர் கொண்டுவந்திருந்தார்; அவர் ஸ்ரீநிதியிடமிருந்து இடது சொம்பை வாங்கி மோந்து பார்த்தார். பன்னீர் வாசனையைத் தாண்டி மூக்கில் சுரீரென்று ஏறியது.

"இது காடிங்க, வினிகர். நான் வாரா வாரம் அச்சாறு ஊறுகாய்க்கு ஊத்துறது."

கூட்டம் கொடுத்த காசைக் கேட்க ஆரம்பித்தபோது சாமி பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். நித்யா அங்கேயே தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்த முறை சந்தோஷத்தில்.  கோப்பிக் கடைக்கு வந்ததும் தெய்வானை மெதுவாகக் கேட்டார்.

"அப்ப கல்யாணத்துக்கு நல்ல நாள் யாருகிட்ட கேக்குறது?"

"மண்டபத்துக்காரர்கிட்ட கேளுங்கம்மா. காலியா இருக்கிற நாளு நல்ல நாளு" என்றாள் ஸ்ரீநிதி.

நித்யா சிரித்தாள். கொஞ்சம் முறைத்துவிட்டுத் தெய்வானையும் சிரித்தார்.

யோசிப்பதற்கு டோக்கன் வேண்டாம், தட்சணை வேண்டாம், விடியற்காலையில் வந்து நிற்கவும் வேண்டாம். அதனால்தானோ என்னவோ, அந்த வாசலில் மட்டும் கூட்டமே இல்லை.