ஒருசந்தி பஸ்

கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் அந்தக் குடும்பத்திடம் குளூக்கோஸ் பொட்டலம் ஒன்றுதான் இருந்தது. மயங்குவதற்கு இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். சர்க்கரை நோயாளி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து டிவியில் ஓடிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தனியார் பஸ்களில் படம் போட்ட நல்ல காலம் அது, 2009. ஆலப்பாக்கம் வருவதற்குள் கதாநாயகனுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

டேவிட் ராஜுக்குப் பதினேழு வயது. சின்ன வயதிலிருந்தே இன்சுலின். சிதம்பரத்தில் பாலிடெக்னிக் கிடைத்திருந்தது, ஹாஸ்டலும் கிடைத்திருந்தது. அம்மா வியாகுலமேரியின் சம்மதம்தான் கிடைக்கவில்லை. சர்க்கரை உள்ள விடலைப் பிள்ளைகளின் ரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த சிதம்பரத்து டாக்டரம்மா, இந்த வயதிலேயே ரத்தக்குழாய்க்குள் வெளியே தெரியாமல் அழற்சி கிளம்பலாம், இரும்பில் துரு ஏறுவதுபோல உள்ளே அரிக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

"துரு ஏறுற புள்ளைய அசலூர்ல விட்டுட்டு எனக்கு எப்பிடித் தூக்கம் வரும்?" என்றாள் வியாகுலமேரி.

அன்றைய பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னது அவனை மட்டும்தான். மகன் ஒருசந்தி விரதம் இருக்கும்போது பெற்றவர்கள் பலகாரம் தின்பதா என்று அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் அப்பா ஞானராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு மயங்கி விழுந்தார்.

டேவிட் பதறவில்லை. சர்க்கரை பார்க்கும் கருவியையும் புது ஊசியையும் எடுத்தான். ஊசியைக் கண்டதும் ஞானராஜுக்குத் தெளிந்துவிட்டது. இருந்தாலும் குளூக்கோஸைக் கரைத்து வாயில் ஊற்றினான்.

"எப்பிடிப் பாத்துக்கறான் பாத்தியா மேரி?" என்றார் அவர் ஈனசுரத்தில். "இவன எங்க வேணா தனியா விடலாம்."

"இருந்த ஒண்ணையும் உங்க வாயில ஊத்திட்டான். இப்ப இவனுக்கு மயக்கம் வந்தா? ஹாஸ்டல்லயும் இப்பிடித்தான் எவனுக்காவது தூக்கிக் குடுத்துட்டு நிப்பான்."

பி.முட்லூரில் ஞானராஜ் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். அதைப் பார்த்த அதிர்ச்சியும் வெறும் வயிறும் சேர்ந்து, சிதம்பரத்தில் இறங்கிய வியாகுலமேரி ஒரு கடலைக் கூடைமேல் மயங்கிச் சரிந்தாள். ஞானராஜ் குழந்தைபோல அழுதார். டேவிட்தான் அவளைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்து, கண் விழித்ததும் சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்ட டீ வாங்கிப் புகட்டி, இருவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அதற்கப்புறம்தான் தன் ரத்தத்தைக் கொடுத்தான்.

சர்க்கரையை இவ்வளவு ஒழுங்காகக் கட்டுக்குள் வைக்கிறவனுக்கு உள்ளே அந்த அழற்சியும் அடங்கியே இருக்கும், ஹாஸ்டலுக்குத் தாராளமாக அனுப்பலாம் என்றார் டாக்டரம்மா.

குளூக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருந்த கையை உயர்த்தினாள் வியாகுலமேரி. "போவட்டும். அங்கயாவது எங்க ரெண்டு பேரையும் தூக்கித் திரியாம படிப்பான்."

சாயங்காலம் கடலூர் செம்மண்டலத்தில் மூவரும் இறங்கி நடந்தபோது, டிபன் கடை கொளஞ்சியப்பன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"விடியக்காலம் ரெண்டு செட்டு பூரி தின்னுட்டு, எப்பிடி மயங்கி விழுறதுன்னு என் கடை பெஞ்சுல விழுந்து விழுந்து பழகுனீங்களே மாமா, அக்கா நம்பிடுச்சா?"